8080 எமுலேட்டர் எழுதி அதில் சி.பி/எம் ஓடவைப்பது: என்னைத் தடுக்கிவிட்ட செக்டர் வரிசையும் சேர்த்து

எமுலேட்டர் (ஒரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே லினக்ஸை ஓடவைக்கப் போய் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இன்டெல் 8080-இல் தொடங்குங்கள். 1974-இல் வந்த சிப். 64 கேபி நினைவகம், எட்டு பிட் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடம்) ஏழு, ஃபிளாக் (கணக்கின் விளைவைக் குறிக்கும் ஒற்றை பிட்) ஐந்து. ஒருவர் தலைக்குள் முழுசாக அடங்கும். அதன்மேல் ஓட கேரி கில்டாலின் சி.பி/எம் இருக்கிறது. கோப்பு, எடிட்டர், அசெம்பிளர் எல்லாம் உள்ள நிஜமான இயங்குதளம் அது. நான் பயன்படுத்தியது 2.2 பதிப்பு.

மொழி: சி. பைத்தான் எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். ஏன் என்று கீழே தெரியும்.

முதலில் சிபியு. 256 கட்டளைகளுக்கும் தனித்தனியாக எழுத உட்காராதீர்கள். 64 முதல் 127 வரை உள்ள கட்டளை எண்கள் எல்லாமே ஒரு ரெஜிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுப்பவை (எச்-எல் காட்டும் நினைவக இடமும் இங்கே ஒரு ரெஜிஸ்டர் போலத்தான்). கீழ் மூன்று பிட் எங்கிருந்து, அடுத்த மூன்று பிட் எங்கே. 118 மட்டும் விலக்கு, அது சிப்பை நிறுத்தும் ஹால்ட். ஆக 63 கட்டளைகள் ஒரே வரியில் முடிந்தன. கூட்டல், கழித்தலும் இதே பாணிதான்.

ஃபிளாக்கில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். கழித்தலை, கழிக்கும் எண்ணின் பிட்களைத் திருப்பிப் போட்டு 1 சேர்த்துக் கூட்டுவதாகவே எழுதுங்கள். முடிந்ததும் கேரியை (எட்டு பிட்டைத் தாண்டி வழிவதைக் குறிக்கும் ஃபிளாக்) மட்டும் திருப்புங்கள். துணைக் கேரியை (கீழ் நான்கு பிட்டைத் தாண்டி வழிவதைக் குறிப்பது) அப்படியே விட்டுவிட வேண்டும்.

அப்புறம் சோதனை. 8080-க்கென்றே பழைய சோதனை நிரல்கள் கிடைக்கின்றன. அவற்றை 256-ஆம் முகவரியில் ஏற்றி ஓடவிடுங்கள். முகவரி 5-க்கு (நிரல்கள் சி.பி/எம்மை அழைக்கும் இடம்) அழைப்பு வந்தால் சி ரெஜிஸ்டரைப் பாருங்கள்: 2 என்றால் இ-யில் உள்ள எழுத்தை அச்சிடுங்கள், 9 என்றால் டி-இ காட்டும் இடத்திலிருந்து டாலர் குறி வரும்வரை அச்சிடுங்கள். இவற்றில் பெரிய சோதனை சுமார் 2,380 கோடி கடிகாரச் சுழற்சி ஓடும். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அசல் சிப்புக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பைத்தானை வேண்டாம் என்றது இதற்காகத்தான். இது முழுசாகத் தேறும்வரை வட்டுப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது பயாஸ், அதாவது திரை, விசைப்பலகை, வட்டு ஆகியவற்றோடு பேசும் அடிப்பகுதி. சி.பி/எம் உங்களிடம் கேட்பது 17 செயல்கள் மட்டுமே. பயாஸின் தொடக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் இடம் உண்டு, ஒரு ஜம்ப் கட்டளை வைக்க. அதில் ஜம்ப்புக்குப் பதிலாக அவுட் கட்டளை (போர்ட் என்ற எண் கொண்ட வெளிவாசலுக்கு ஒரு பைட் அனுப்புவது) இரண்டு பைட், ரிட்டர்ன் ஒரு பைட் என வைத்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. அவுட் வந்ததும் போர்ட் எண்ணைப் பார்த்து மிச்ச வேலையை சி மொழியிலேயே செய்துவிடலாம். அசெம்பிளியில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

சி.பி/எம் பைட்களை எந்த முகவரியில் ஏற்றுவது? முதல் மூன்று பைட் ஒரு ஜம்ப். அது தாவும் முகவரியிலிருந்து 860-ஐக் கழியுங்கள். அதுதான் ஏற்ற வேண்டிய இடம். அதிலிருந்து 5,632 பைட் தள்ளி பயாஸ். முகவரி 0-இல் பயாஸின் இரண்டாவது செயலுக்கு ஒரு ஜம்ப், முகவரி 5-இல் ஏற்றிய இடத்துடன் 2,054 கூட்டிய முகவரிக்கு ஒரு ஜம்ப். இதைச் செய்ததும், கட்டளைக்குக் காத்திருக்கும் 'ஏ>' குறி திரையில் வந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இனி என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த இடம். எட்டு அங்குல வட்டில் 77 டிராக் (வட்டமான தடம்), டிராக்குக்கு 26 செக்டர் (தடத்தின் ஒரு துண்டு), செக்டருக்கு 128 பைட். மொத்தம் 2,56,256 பைட். என் வட்டில் 16 சின்னக் கோப்புகள். கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் டிர் கட்டளை கொடுத்தால் 12 பெயர்கள் பிழையில்லாமல் வந்தன. வட்டு சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். வட்டின் நிலையைக் காட்டும் ஸ்டாட் நிரலை ஓட்டினால் அப்படியே உறைந்துபோனது. உடனே சிபியுவைச் சந்தேகப்பட்டு ஒவ்வொரு கட்டளையாகத் தோண்டினேன்.

தவறு சிபியுவில் இல்லை. அந்தக் காலக் கணினி ஒரு செக்டரைப் படித்து முடிப்பதற்குள் வட்டு சுழன்று அடுத்ததைத் தாண்டிவிடும். அதனால் சி.பி/எம் ஆறு ஆறாகத் தாண்டிப் படிக்கிறது: 1, 7, 13, 19, 25, 5, 11, 17, 23, 3, 9, 15, 21, 2, 8, 14, 20, 26, 6, 12, 18, 24, 4, 10, 16, 22. நான் 1, 2, 3 என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு செக்டரில் நான்கு பெயர்கள் அடங்கும். கோப்புப் பட்டியலுக்கு 16 செக்டர் என்பதால் 1 முதல் 16 வரை படித்ததில் 1, 7, 13 மூன்றும் அகப்பட்டு 12 பெயர்கள் வந்தன. நான்காவது தொகுதி இருந்தது 19-இல். காணாமல்போன நான்கு பெயர்களை அன்றே எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

இன்னும் இரண்டு கவனிக்கவும். சி.பி/எம் கேட்கும் எண் 0-இலிருந்து தொடங்கும்; மேலே உள்ள தாண்டல் பட்டியல் தருவது 1-இலிருந்து. இயங்குதளம் இருக்கும் முதல் இரண்டு டிராக்குகளுக்கு இந்தத் தாண்டல் கிடையாது, அங்கே நேர்வரிசைதான்.

பிழை தேட டீபக்கரை நான் தொடுவதில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்டர்களை ஒரு வரியாகக் கோப்பில் எழுதி, சிம்எச் எமுலேட்டரின் வெளியீட்டுடன் ஒப்பிடுவேன். வேறுபடும் முதல் வரியே குற்றவாளியைக் காட்டிவிடும்.

பின்சேர்க்கை: பேக்ஸ்பேஸையும் கவனியுங்கள். லினக்ஸ் டெர்மினல் அதற்கு 127 அனுப்புகிறது.  127 வந்தால் சி.பி/எம் எழுத்தை அழித்துவிட்டு, அழித்த எழுத்தையே மறுபடி திரையில் காட்டும், பழைய காகித டெலிடைப்புக்காக. 127-ஐ 8 ஆக்கிவிட்டால் நாம் பழகியபடி அழியும்.