புத்தகத்தை மூடிய பிறகு தொடங்கும் படிப்பு

ஒரு பாடத்தைப் படித்து முடித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை ஒரு வெற்றுத்தாளில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, இவ்வாறு நினைவுகூர்ந்து படித்ததே ஒரு வாரம் கழித்தும் கூடுதலாக நினைவில் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அடுத்து, எழுதியதைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். சிந்தனை உண்மையில் கூர்மைப்படுவது இங்கேதான். 'பூமி சூரியனை நெருங்குவதால் கோடைக்காலம் வருகிறது' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சரியென்றால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டுமே, வட அரைக்கோளத்தில் கோடை நிலவும்போது தென் அரைக்கோளத்தில் குளிர்காலம் நிலவுவது எப்படி என்று கேட்டதுமே அந்த விளக்கம் உடைந்துவிடும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரித் தொடக்கத்தில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பூமியின் சுழல் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதே காரணம் என்ற விடையை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

அடிக்கோடிடுவதை நான் பெரிதாக மதிப்பதில்லை; கைக்கு வேலை கிடைக்கிறது, அவ்வளவே. தவறாக எழுதிய வரியை அழிக்காமல், எந்த இடத்தில் சறுக்கினோம் என்பதை அதன் அருகிலேயே குறித்துவைத்து, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, அதே கேள்விக்குத் தாளைப் பார்க்காமல் மறுபடியும் விடை எழுதுங்கள்.