ஸ்டென்ட் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கேத் லேபில் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்து ஸ்டென்ட் வைக்கும் அறை) வேலை பார்ப்பதால், சொந்தத்தில் யாருக்கு ஆஞ்சியோ (சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) எடுத்தாலும் ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். கூடவே, "எத்தனை பர்சன்ட் அடைப்பு?" என்ற கேள்வியும். நான் அந்த எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் 'கால்சிஃபைடு', அதாவது சுண்ணாம்பு ஏறியது, என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கொழுப்பு மிகுந்த மெத்தென்ற அடைப்பு, குழாய்க்குள் ஊதி விரிக்கும் பலூன் அழுத்தத்துக்கு ஒதுங்கிவிடும். சுண்ணாம்பு ஏறியது அசைந்து கொடுக்காது. திரையில் பலூன் இரண்டு முனையிலும் உப்பி, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி நிற்கும். அப்படியே ஸ்டென்டை (குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலைக் குழல்) வைத்தால் அதுவும் அங்கே ஒடுங்கித்தான் உட்காரும். பிறகு விரிப்பது பெரும்பாடு. அதனால்தான் சிலருக்கு முன்கூட்டியே வைரத்துகள் பதித்த முனையால் சுரண்டுகிறார்கள், அல்லது அதிர்வலை பலூனால் சுண்ணாம்பை உடைக்கிறார்கள். பில்லும் ஏறும்.

ஒடுக்கம் சின்னதுதானே என்று விட முடியாது. அழுத்தம் மாறாத நேரான குழாயில் விட்டம் பாதியானால், ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதயத்தில் சிறு நாளங்கள் விரிந்து ஓரளவு ஈடுகட்டும். அதனால் உட்கார்ந்திருக்கையில் ஒன்றும் தெரியாது. மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும்.

இன்னொரு தொல்லை, ஸ்டென்ட் கம்பி சுவரோடு ஒட்டாமல் நிற்பது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கம்பிதான். ஆனால் அதன் பின்னால் ரத்தம் தேங்கிச் சுழலும், தட்டணுக்கள் ஒட்டும், உறையும்.

அடுத்து அளவு. '3.0 x 28' என்றால் 3 மி.மீ. விட்டம், 28 மி.மீ. நீளம். 'போஸ்ட் டைலடேஷன்' என்றிருந்தால் வைத்த பிறகும் பலூனால் அழுத்தி விரித்திருக்கிறார்கள். 'டிமி' என்பது ரத்த ஓட்டத்துக்கு 0 முதல் 3 வரை போடும் மதிப்பெண். 'டிமி 3' என்றால் ஓட்டம் இயல்பு; 0 என்றால் அடைப்பைத் தாண்டி ரத்தம் போகவே இல்லை. டிமி 3 வந்துவிட்டதாலேயே ஸ்டென்ட் முழுசாக விரிந்தது என்று ஆகாது. ஆஞ்சியோவில் தெரிவது சாய நிழல் மட்டுமே. சுண்ணாம்பு அதிகம் என்றால் ஐவஸ் (குழாய்க்குள்ளிருந்தே எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) அல்லது ஓ.சி.டி.யால் (ஒளியால் எடுக்கும் உட்படம்) உள்ளே பார்த்தீர்களா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சரி, பர்சன்ட். 50, 60 என்று நடுவாந்தரமாக இருந்தால் எஃப்.எஃப்.ஆர். (அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்தத்தை ஒப்பிடும் அளவு) பார்த்தார்களா என்று தேடுங்கள். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறது.

தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்க ஆஸ்பிரினோடு தரும் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் மாத்திரை எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குங்கள். பல் பிடுங்கப் போகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.