வீட்டு முதலுதவி: பெட்டி வாங்கும் முன் ஒரு தாள் எழுதுங்கள்

முதலுதவிக்குத் தயாராவது என்றால் எல்லோரும் பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் தாள், அப்புறம் போன், மூன்றாவதாகத்தான் பெட்டி. என் அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அவரை ஆம்புலன்சில் ஏற்றிய இரவில் பஞ்சு இருக்கிறதா, பேண்டேஜ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது போட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் செய்துவைத்த ஏற்பாடு இது.

படி 1: ஆளுக்கு ஒரு தாள்

பெயர், பிறந்த ஆண்டு, இருக்கும் நோய்கள், நடந்த அறுவை சிகிச்சைகள், ஒவ்வாமை, தகவல் சொல்ல வேண்டிய இருவரின் எண்கள். இவை எளிது. மருந்துப் பட்டியலில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி பாதி" என்று எழுதினால் மருத்துவருக்கு உதவாது. நிறுவனம் வைத்த பெயர் மட்டும் போதாது. ஒரே மருந்து பல பெயர்களில் வருகிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிறிய எழுத்தில் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும். அதை எழுதுங்கள், எத்தனை மணிக்கு என்பதோடு.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் அது தாளின் முதல் வரியில் வர வேண்டும். தலையில் அடிபட்டாலும் பக்கவாதம் வந்தாலும் சிகிச்சையின் போக்கே அதனால் மாறும். இன்சுலினும் பேஸ்மேக்கரும் (இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் கருவி) அதே வரியில்.

பென்சிலில் எழுதுங்கள். மருந்து மாறும் அன்றே தாளையும் திருத்தி, அடியில் தேதி போடுங்கள். எங்கள் தாள்கள் வாசற்கதவின் உட்புறம் ஒட்டியிருக்கின்றன. படம் எடுத்து எல்லோர் போனிலும் வைத்திருக்கிறோம்.

படி 2: போன்

தாளின் கீழேயே உங்கள் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கதவு எண், மாடி, எந்த வாசல் வழியாக வர வேண்டும், பக்கத்தில் என்ன அடையாளம். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. ஆம்புலன்ஸ் எண்ணையும் அங்கேயே எழுதிவிடுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டால் கை இரண்டும் உங்களுக்கு மிச்சம். ஆம்புலன்ஸ் எண்ணில் பேசுபவர் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் வாசலில் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நிற்கட்டும்.

முகம் ஒருபுறம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை உடனே குறித்துவையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும்.

இனி, போனில் கேட்கப்படும் கேள்விகளில் மிக முக்கியமானது: "மூச்சு இருக்கிறதா?"

நினைவில்லாமல் கிடப்பவர் அவ்வப்போது வாயைத் திறந்து காற்றை இழுப்பார். பார்ப்பவர்கள் நிம்மதியாக "இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் இப்படி இழுப்பு வருவது உண்டு. அது மூச்சு அல்ல. பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் பாருங்கள்: மார்பு சீராக ஏறி இறங்குகிறதா? இல்லையென்றால் "மூச்சு சரியாக இல்லை" என்று சொல்லிவிட்டு, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். நாடி தேடி நேரம் போக்க வேண்டாம்.

மெத்தை அமுங்கும் என்பதால் முடிந்தால் தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர விடுங்கள். வாயோடு வாய் ஊதப் பயிற்சி இல்லாதவர் பெரியவர்களுக்கு அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்தால் போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு ஊதுவதும் தேவை. அதனால் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விடுங்கள். எந்தக் காணொளியும் அதற்கு ஈடாகாது. எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்பதை பொம்மையின்மேல் கை வைத்தால்தான் உணர முடியும்.

படி 3: பெட்டி

தயாராக விற்கும் பெட்டிகள் எனக்குப் பிடிக்கவில்லை. அவற்றில் சின்னச் சின்ன பிளாஸ்டர்கள்தான் நிறைய. பூட்டு இல்லாத, உள்ளே இருப்பது தெரிகிற டப்பா ஒன்றை எடுத்து நீங்களே நிரப்புங்கள். கையுறை, காஸ் துணி (காயத்தின்மேல் வைக்கும் மெல்லிய வலைத்துணி), க்ரேப் பேண்டேஜ் (இழுத்துச் சுற்றும் கட்டுத்துணி), காகித டேப், முனை மழுங்கிய கத்தரி, இடுக்கி, ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி), பாராசிட்டமால், டிஜிட்டல் தெர்மாமீட்டர். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். ரத்த அழுத்தக் கருவி வாங்கினால் மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி கை சற்று ஏறி இறங்கினாலே தவறான அளவு காட்டும். குளியலறையில் பெட்டியை வைக்க வேண்டாம், ஈரத்தில் மருந்து கெடும்.

படி 4: கைக்குப் பழக வேண்டியவை

ரத்தம் கொட்டினால் துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள், உறைந்தது பிய்ந்துவிடும். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. அதன் இரு பக்கமும் அழுத்துங்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் குளிர்ந்த நீர், 20 நிமிடம். போனில் டைமர் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய், மை எதுவும் வேண்டாம்.

வலிப்பு வந்தால் நேரம் பாருங்கள். வாயில் கரண்டியோ கையில் சாவியோ திணிக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, உடல் வெட்டுவது நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

தொண்டையில் அடைத்தவர் இருமினால் இருமவே விடுங்கள். இருமவும் பேசவும் முடியவில்லை என்றால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. போகவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்நோக்கி மேலே இழுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை

தொண்டையில் அடைத்தால் கைக்குழந்தைக்கும் இதேதானா என்று இரண்டு தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் அல்ல, மார்பில்தான்.

தனியாக இருப்பவர்கள் கேட்டது: போன் பூட்டியிருந்தால் என் விவரத்தை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? ஐபோனில் ஹெல்த் செயலியில் மெடிக்கல் ஐடியை (நோய், மருந்து, ஒவ்வாமை விவரம் எழுதும் பக்கம்) நிரப்பி, பூட்டிய திரையிலும் தெரியும்படி அமையுங்கள். ஆண்ட்ராய்டிலும் அவசரத் தகவல் என்று இதே வசதி உண்டு.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கியவர் விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் 15 முதல் 20 கிராம் சர்க்கரை கொடுங்கள்; 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையை மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கரைப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். பொடி சமமாகப் பிரியாது, உப்பின் அளவு மாறிவிடும். உறையில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.