ஸ்பெல்லிங் சந்தேகமா? சொந்தக்காரச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்

கிராமர் என்று எழுதும்போது கடைசி ஆர் (r) எழுத்துக்கு முன்னால் வருவது இ-யா (e), ஏ-யா (a) என்று கை நின்றால், அதே குடும்பத்துச் சொல்லான கிராமேட்டிகல் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'மே' என்று தெளிவாகக் கேட்கும். அப்போ ஏ-தான்.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரெழுத்து மங்கி, பெரும்பாலும் எல்லாம் ஒரே 'அ' மாதிரி ஒலிக்கும். அதனால் ஏ, இ, ஓ மூன்றும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சொந்தக்காரச் சொல்லில் அழுத்தம் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுவதால் ஒளிந்திருந்த எழுத்து வெளியே வருகிறது. சிமிலர் என்பதற்கு சிமிலாரிட்டி, ஆகவே ஏ. எடிட்டருக்கு எடிட்டோரியல், ஆகவே ஓ. இணையத்தில் ரொம்பப் பேர் ஏ போட்டு எழுதும் டெஃபினிட்லிக்கு டெஃபினிஷன் இருக்கிறது. 'னி' என்று கேட்பதால் அங்கே ஐ என்ற எழுத்துதான். வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் இந்த ஒன்றையாவது கட்டாயம் கவனியுங்கள்.

ஆனால் உயிரெழுத்தே மாறிவிடும் சொற்களில் இதை நம்ப வேண்டாம். மெயின்டெய்னில் டி-க்குப் பிறகு ஏ, ஐ இரண்டும் உண்டு. மெயின்டனன்ஸில் அந்த இடத்தில் இ மட்டும்தான். ப்ரொனவுன்ஸில் இரண்டாவதாக வரும் ஓ, ப்ரொனன்சியேஷனில் அந்த இடத்தில் கிடையாது. அக்காமடேஷன் மாதிரி இரட்டை எழுத்து வரும் சொற்களுக்கும் இது உதவாது. அதில் சி இரண்டு, எம் இரண்டு என்று மனப்பாடம்தான். 'தொலை' என்ற பொருளில் வரும் லூஸுக்கு ஒரு ஓ, 'தளர்வான' லூஸுக்கு இரண்டு ஓ. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் ஸ்பெல் செக்கர் பெரும்பாலும் கோடு போடாது.