படிகத்தை மாற்றும்போது பிடிப்பானையும் துடையுங்கள்

வெற்றிடப் படிவு அமைப்பில் (காற்றகற்றிய கலனுக்குள் பொருளை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படியவைக்கும் கருவி) படலத்தின் தடிமனை அளக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தின் அளவீடு நடுவே திடீரெனத் தாவினால், படிகத்தின் ஆயுள் முடிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல வேளைகளில் பழுது அது அமர்ந்திருக்கும் பிடிப்பானில்தான் இருக்கும்.

பிடிப்பானைக் கழற்றி, படிகத்தின் விளிம்பு படியும் வட்ட வரம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே படிந்த உலோகம் மெல்லிய செதிலாக உரிந்து நின்றால், படிகம் ஒரு பக்கம் தூக்கலாக அமர்ந்து, மின்தொடர்பும் வெப்பக் கடத்தலும் கெட்டுவிடும். செதிலை வரம்பு கீறாதவாறு அகற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். பின்புறம் அழுத்தும் சிறு வில்தகடுகள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்; இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

புதிய படிகத்தைக் கையுறை அணிந்து, பிளாஸ்டிக் இடுக்கியால் விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற உள்தகைவு (படலத்துக்குள்ளேயே எழும் இழுவிசை அல்லது அழுத்தம்) மிகுந்த படலங்களைப் படியவைப்போர், படிகம் தடுமாறத் தொடங்கும் முன்பே அதை மாற்றிவிடுவது நல்லது.

உணரியின் தலையை (படிகமும் பிடிப்பானும் பொருந்தும் பகுதி) குளிர்விக்கும் நீர் அறை வெப்பநிலையைவிடக் குளிர்ந்திருந்தால், பொருளை ஆவியாக்கும் மூலம் நன்கு ஆறிய பின், கலனுக்குள் காற்றை விடும் முன்பே அந்த நீரோட்டத்தை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் உணரியின் தலையில் ஈரம் படியும்.