"பார்க்க மட்டும்" என்று எழுதி வைத்தால் போதுமா?

"அடுத்த வாரம் என்னென்ன இதழ் போகிறது?" என்று, நமக்காக வேலைகளைச் செய்யும் ஏஐ ஏஜென்டிடம் கேட்டால் அது அனுப்பக் காத்திருக்கும் இதழ்களின் வரிசையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், எதையும் தொடக்கூடாது. நியூஸ்லெட்டர் நடத்துகிறவர்கள் பலர் இதற்காகவே சின்னதாக ஒரு டூல் எழுதிக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். தளத்தில் வந்த கட்டுரையைப் பிறகு திருத்தலாம், ஆனால் வாசகரின் இன்பாக்ஸுக்குப் போன மெயிலைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் இந்த டூலில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

பலரும் செய்யும் பெரிய தவறு, "பார்க்க மட்டும்" என்பதை வெறும் வார்த்தையாக வைத்திருப்பது. ஏஜென்டுக்கான குறிப்பில் "எதையும் மாற்றாதே" என்று எழுதிவிட்டு, கையில் கொடுக்கும் கீ (கணக்குக்குள் நுழைய விடும் ரகசியக் குறியீடு) மட்டும் எல்லா அதிகாரமும் உள்ளதாக இருக்கும். ஏஜென்டுகளை டூல்களோடு இணைக்க, ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி முறையில், ஒரு டூல் எதையும் மாற்றாது என்று சொல்ல 'ரீட்ஒன்லிஹின்ட்' என்ற அடையாளம் உண்டு. பெயரே சொல்கிறது, அது ஒரு குறிப்பு. பூட்டு அல்ல.

வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸை எடுத்துக்கொள்வோம். பதிவு வெளியானதும் மெயிலாகப் போகும்படி பலர் அமைத்திருக்கிறார்கள். வேறு மென்பொருள் உள்ளே நுழைய வேர்ட்பிரஸ் தரும் அப்ளிகேஷன் பாஸ்வேர்ட் எந்தப் பயனருக்காக உருவாக்கப்பட்டதோ, அவருடைய அதிகாரம் முழுவதும் அதோடு வந்துவிடும். அட்மின் கணக்கில் உருவாக்கினால் அழிக்கும் அதிகாரமும் சேர்த்துத்தான். ஆகவே நடுவில் ஒரு சின்ன சர்வரை வையுங்கள். பட்டியலைக் கேட்கும் ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் அது முன்னே அனுப்பட்டும், மற்ற எல்லாவற்றையும் மறுக்கட்டும். கீ அந்த சர்வரிலேயே இருக்கட்டும். ஏஜென்டுக்குக் கணினியில் கட்டளைகளை இயக்கும் டெர்மினலும் கொடுத்து, அதே கணினியில் கீ உள்ள ஃபைலையும் வைத்தால், டூலை விட்டுவிட்டு அது நேராகவே ஏபிஐயை (மென்பொருள்கள் வேர்ட்பிரஸோடு பேசும் வாசலை) கூப்பிட வழி இருக்கிறது.

தகவலைக் கேட்டு வாங்கும் 'கெட்' கோரிக்கைதானே, ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2005-ல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருள் பக்கத்திலுள்ள இணைப்புகளை முன்கூட்டியே திறந்து பார்த்தது. சில வலைச்செயலிகளில் "அழி" என்பதும் சாதாரண இணைப்பாகவே இருந்ததால் பயனர்களின் தகவல்கள் அழிந்தன. உங்கள் டூலும் முன்னோட்டம் காட்டுகிறேன் என்று சோதனை மெயில் அனுப்பினால், அது பார்ப்பதோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது நேரம். இதில் நானே மாட்டியிருக்கிறேன். திங்கள் காலை 5 மணிக்கு வைத்திருந்த இதழை ஏஜென்ட் "ஞாயிறு இரவு 11:30" என்று சொன்னது. பதறிப்போய் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரமான யுடிசிக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசம்தான் அது. வேர்ட்பிரஸ் ஏபிஐ, தளத்தின் நேரத்தையும் ஜிஎம்டி (அதே பொது நேரம்) நேரத்தையும் இரண்டு தனிப் புலங்களில் தருகிறது. இரண்டிலுமே எந்த மண்டலம் என்ற குறி இருக்காது. ஏஜென்ட் ஊகித்துக்கொள்ளும், ஊகம் தவறும். "திங்கள், காலை 5:00, இந்திய நேரம்" என்று கிழமையோடு டூலே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வரிசையையும் பாருங்கள். வேர்ட்பிரஸில் ஷெட்யூல் ஆன பதிவின் நிலைப்பெயர் 'ஃபியூச்சர்'. அந்த நிலையில் உள்ளவற்றைச் சும்மா கேட்டால் பத்து பதிவுதான் வரும், அதுவும் தேதி இறங்குவரிசையில். அதாவது தொலைவில் இருப்பது முதலில். பதினான்கு இதழ் காத்திருந்தால் நாளைக் காலை போகவேண்டியதே பட்டியலில் இருக்காது! ஏறுவரிசை கேளுங்கள், மொத்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், கீ காலாவதியாகியிருந்தால் காலிப் பட்டியலைத் திருப்பாதீர்கள். பிழை என்றே சொல்லட்டும். இல்லாவிட்டால் ஏஜென்ட் நிம்மதியாக "இந்த வாரம் எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும்.

பார்ப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காத்திருக்கும் இதழில் இன்னும் அறிவிக்காத விலை மாற்றம் இருக்கலாம், விருந்தினர் எழுதிக் கொடுத்த பத்தி இருக்கலாம். அந்தப் பத்தியில் யாராவது ஏஜென்டுக்கென்று ஒரு கட்டளையை ஒளித்து வைத்திருக்கவும் முடியும். 2022 முதல் இதற்கு 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்று பெயர். அதே ஏஜென்டிடம் மெயில் அனுப்பும் டூலும் இருந்தால், வெளிவராத இதழ் வெளியே போக வழி கிடைத்துவிடும். பட்டியலில் தலைப்பு, நேரம், யாருக்குப் போகிறது, இந்த மூன்றும் போதும். முழு உள்ளடக்கம் தனியாகக் கேட்டால் மட்டும் வரட்டும். வெளியே அனுப்பும் டூல் எதையும் அந்த ஏஜென்டிடம் வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒரு சோதனைப் பதிவை ஷெட்யூல் செய்து, அதன் தலைப்பை மாற்றும்படி ஏஜென்டிடமே கேளுங்கள். "எனக்கு அனுமதி இல்லை" என்று அது சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே ஒரு மாற்றக் கோரிக்கையை நடு சர்வருக்கு அனுப்பி, 'அனுமதி இல்லை' என்பதற்கான 403 என்ற பிழை எண் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.