ரயில் ஓடிய தடத்தில் சைக்கிள்: முதல் முறை போகிறவர்களுக்கு

சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் காரும் லாரியும் ஓடும் சாலையில் இறங்கப் பயமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கைகாட்டுவது ரயில் டிரெயிலைத்தான். ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தையும் கட்டைகளையும் அகற்றிவிட்டு, அதே மண்கரையின் மேல் அமைத்த பாதை அது. பெரும்பாலும் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்தான்.

இந்தப் பாதைகள் அமெரிக்காவில் ஏராளம். அங்கே ரயில் தடங்கள் உச்சத்தில் இருந்தது 1916 வாக்கில், சுமார் 2,54,000 மைல். லாரியும் நெடுஞ்சாலையும் வந்தபின் கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடாமல் மக்கள் நடக்கவும் ஓட்டவும் பாதையாக வைத்திருக்கலாம், பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இன்று நாம் ஓட்டும் பல நீளமான பாதைகள் தப்பிப் பிழைத்தது அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1. முதலில் ரயிலைப் புரிந்துகொள்ளுங்கள்

இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி அதே இடத்தில் சுற்றும். அதனால் தடம் போட்டவர்கள் 100 அடி தூரத்துக்கு ஓரடி, மிஞ்சினால் இரண்டடி ஏற்றம் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் போட்டார்கள். மேடு வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் மண் கொட்டிக் கரை எழுப்பினார்கள், மலை குறுக்கே நின்றால் குடைந்தார்கள். வளைவுகளும் அகலமானவை. அந்த உழைப்பின் பலன் முழுவதும் இன்று உங்கள் முழங்காலுக்கு வந்து சேருகிறது.

ஆனால் சமமாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இதைத்தான் புதிதாக வருபவர்களிடம் அழுத்திச் சொல்வேன். சாதாரணச் சாலையில் ஏறிய பின் இறக்கம் வரும். பெடலை நிறுத்திவிட்டுச் சற்று ஓய்வெடுக்கலாம். இங்கே அந்த இறக்கம் கிடையாது. ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரமும் மிதிக்க வேண்டும். உடம்பும் ஒரே நிலையில் இருக்கும். மூச்சு வாங்கவே வாங்காது, ஆனால் உள்ளங்கை மரத்துப்போகும், சீட்டில் உட்கார முடியாது.

இன்னொன்று, கண் ஏமாந்துவிடும். நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம் பார்வைக்குச் சமதளம். ஆனால் அப்படியே 10 கிலோமீட்டர் போனால் 100 மீட்டர் ஏறியிருப்பீர்கள். முப்பது மாடிக் கட்டடத்தின் உயரம் அது. 'இன்றைக்கு ஏன் கால் இவ்வளவு கனக்கிறது' என்று தோன்றினால் உங்களிடம் குறையில்லை, பாதை ஏறிக்கொண்டிருக்கிறது.

2. பாதையைத் தேர்ந்தெடுப்பது

எல்லா ரயில் டிரெயிலும் தார்ப் பாதை அல்ல. பென்சில்வேனியா, மேரிலாந்து மாநிலங்களில் 150 மைல் ஓடும் கிரேட் அலெகேனி பேசேஜ் பெரும்பாலும் நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தளம். ஓட்டுவதற்கு அருமைதான், ஆனால் மெல்லிய டயருக்கு ஒத்துவராது. முதல் முறைக்குத் தார் போட்டதே நல்லது.

வர்ஜீனியாவின் டபிள்யூ அண்ட் ஓடி (வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன்) பாதை நல்ல உதாரணம். 1968இல் ரயில் நின்ற தடம், 45 மைல் நீளம், ஊர்களுக்கு நடுவே போவதால் தண்ணீருக்கும் உதவிக்கும் தவிக்க வேண்டியதில்லை. ஜார்ஜியாவின் சில்வர் காமெட் பாதை சுமார் 61 மைல். 1947 முதல் 1969 வரை அந்தத் தடத்தில் ஓடிய பயணிகள் ரயிலின் பெயர் அது. அதில் ஒரு பாடமும் இருக்கிறது. ராக்மார்ட் ஊரைத் தாண்டியதும் சில இடங்களில் பாதை பழைய தடத்தை விட்டு விலகுகிறது, உடனே உண்மையான மேடு பள்ளங்கள் வந்துவிடுகின்றன. எந்தப் பாதையானாலும் வரைபடத்தில் அது முழுக்க ரயில் போன தடம்தானா, எங்கே விலகுகிறது என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஐடஹோவின் கோர்டலேன் பாதை 70 மைலுக்கு மேல் தார்ப் பாதை. தார் போட்டது சொகுசுக்காக மட்டுமல்ல. சுரங்கக் கழிவின் ஈயம் முதலான உலோகங்கள் கலந்த மண்ணை மூடி வைக்கும் மூடியும் அந்தத் தார்தான். அங்கே பாதையை விட்டு இறங்கி மண்ணில் உட்காராமல் இருப்பதும், சாப்பிடுமுன் கை கழுவுவதும் முக்கியம். பாதையின் தொடக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையை நின்று படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

முதல் நாளுக்கு எவ்வளவு தூரம்? போக வரச் சேர்த்து 15 கிலோமீட்டர். போன தூரம் திரும்பி வரவும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

3. சைக்கிளைச் சரிசெய்வது

எந்த சைக்கிளும் போதும். இரண்டு விஷயம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்: சீட் உயரமும் டயர் காற்றும்.

சுவரைக் கையால் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழே கடைசி வரை கொண்டுபோய், அதன் மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் அப்போது நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. குதிகால் எட்டாமல் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் சீட் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிப்போம், அப்போது முழங்காலில் தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும். சீட்டிலிருந்தே இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று பலர் மிகவும் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிட ஓட்டத்துக்கு அது பரவாயில்லை. விடாமல் ஒரு மணி நேரம் மிதிக்கும் இந்தப் பாதையில் முழங்கால் வலிக்கு முதல் காரணம் அதுதான்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அப்புறம் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள், செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான்.

4. பையில்

தண்ணீர், கொறிக்க ஏதாவது, உங்கள் சக்கர அளவுக்கு ஒரு டியூப், டயரைக் கழற்றும் நெம்பி, கைப்பம்ப். தலையில் ஹெல்மெட். ரயிலுக்காக மலையைக் குடைந்த குகை இருக்கும் பாதையானால் முன்விளக்கு கட்டாயம். மணி இல்லாத சைக்கிளில் ஒரு மணி மாட்டுங்கள்.

5. ஓட்டும் விதம்

கிளம்பும்போதே காற்று எந்தப் பக்கம், ஏற்றம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முடிந்தால் எதிர்காற்றிலும் ஏற்றத்திலும் முதலில் போய், திரும்பும்போது அவை துணைக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை இதை மாற்றிச் செய்தேன். போகும்போது கால் லேசாக இருந்தது, அன்றைக்கு நன்றாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு 20 கிலோமீட்டர் தாண்டிவிட்டேன். திரும்பியபோதுதான் முதுகில் காற்று தள்ளியது தெரிந்தது. வீடு சேர இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று.

கியரை லேசாக வைத்து வேகமாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 70, 80 சுற்று பழகினால் முழங்கால் தாங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, தேவையில்லாவிட்டாலும், பெடல் மேல் எழுந்து நின்று இரண்டு மூச்சு விடுங்கள். ஹேண்டில் பாரில் கை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். பாதை தராத ஓய்வை நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் அக்காவுடன் முதல் முறை போனபோது, "நீ சும்மா சும்மா எழுந்து நிக்கிறியே, எதுக்கு?" என்று கேட்டார். "நீங்களும் நில்லுங்க அக்கா, அப்புறம் தெரியும்" என்றேன். திரும்பி வரும்போது நான் சொல்லாமலே எழுந்து நின்றார்.

6. குறுக்கே சாலை, கூடவே ஆட்கள்

அமெரிக்கப் பாதைகளில் வலது ஓரமாகப் போக வேண்டும், முந்துவது இடது பக்கமாக. முந்துமுன் மணியடித்து, 'இடது பக்கம் வருகிறேன்' என்று ஆங்கிலத்தில் குரல் கொடுப்பது அங்கே வழக்கம். பக்கத்தில் வந்த பிறகு மணியடித்தால் நடப்பவர் திடுக்கிட்டு எந்தப் பக்கமும் நகரலாம். கொஞ்சம் தள்ளியே அடியுங்கள். குழந்தையோ கயிற்றில் நாயோ தெரிந்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பெரும்பாலான ஆபத்து சாலைக் கடப்புகளில்தான். பாதையின் நடுவே கார் நுழையாதபடி கம்பம் நட்டிருப்பார்கள். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிப் போனால் கம்பம் கண்ணில் படவே படாது. சில பாதைகளில் டபிள்யூ எழுத்து பொறித்த பழைய கம்பம் ஓரமாக நின்றுகொண்டிருக்கும். முன்னால் சாலைக் கடப்பு வருகிறது, ஊதலை ஊது என்று ரயில் ஓட்டுநருக்குச் சொன்ன அடையாளம் அது. அதைப் பார்த்தால் நீங்கள் பிரேக்கில் விரல் வையுங்கள். ரயில் போய்ப் பல வருடம் கழித்தும் அந்தக் கம்பம் தன் வேலையைச் செய்கிறது.

கடக்கும் இடத்தில் எங்காவது தண்டவாளம் மிச்சமிருந்தால் நேர் குறுக்காகத் தாண்டுங்கள். சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டிக் கீழே தள்ளிவிடும், மழை நாளில் இன்னும் மோசம். மரவேர் தாரைத் தூக்கி வைத்த வரிமேடுகளிலும் கவனம். சீட்டிலிருந்து சற்று எழுந்து முழங்காலைத் தளர்த்தினால் அதிர்ச்சி முதுகுக்கு ஏறாது.

7. பாலமும் குகையும்

மரப்பலகைப் பாலம் ஈரமாக இருந்தால் சோப்புத் தரை மாதிரி. ஏறுமுன் வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே போனபின் பிரேக்கும் பிடிக்காமல் ஹேண்டிலும் திருப்பாமல் நேராகப் போங்கள்.

குகைக்குள் நுழையுமுன் வாயிலில் நில்லுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, விளக்கைப் போட்டு, கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் சிறிது நேரம் ஒன்றுமே தெரியாது. உள்ளே குளிரும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். மறுமுனை வெளிச்சம் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றினாலும் தூரம் இருக்கும். கிரேட் அலெகேனியின் பிக் சாவேஜ் குகை 3,294 அடி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். இப்படிப்பட்ட பாதைக்குக் கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. திரும்பி வந்த பிறகு

டயரைச் சுற்றிக் கையால் தடவி முள், கண்ணாடித் துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். உட்காரும் இடம் ஓரிரு நாள் வலிக்கும், அதற்காக உடனே மெத்தென்ற புது சீட் வாங்கப் போகாதீர்கள். இரண்டு நாள் விட்டு அதே பாதையில் அதே தூரம் இன்னொரு முறை போங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்திருந்தால் சீட்டை அரை விரற்கடை உயர்த்துங்கள், பின்பக்கம் வலித்திருந்தால் அதே அளவு தாழ்த்துங்கள். மூன்றாவது முறை, முன்பு திரும்பிய இடத்தைத் தாண்டி அடுத்த பழைய ஸ்டேஷன் வரை போய்ப் பாருங்கள்.